சென்னையின் தண்ணீர், கரண்ட், சாப்பாடு: பல்கலைக்கழக ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரத்தின் உணவு, மின்சாரம், தண்ணீர் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. அதைப் பற்றி மாணவர்களும், குடியிருப்புச் சங்கத்துக்காரர்களும், சில விவசாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் சென்னையைத்தான் எடுத்துக்கொண்டேன். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர்கள் குறைவு.

மூன்றையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? தண்ணீருக்கு ஒரு துறை, கரண்டுக்கு ஒரு துறை இருக்கிறதே?

துறைகள் தனித்தனியாக இருப்பதுதான் சிக்கலே. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் மாதத்துக்கு 16,200 லிட்டர். அதே வீட்டுக்கு மாதம் 25 கிலோ சிப்பம் ஒன்று அரிசி வருகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியில் 2,500 லிட்டர் தண்ணீர், மழையும் பாசனமும் சேர்த்து, ஆகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. சிப்பத்துக்கு 62,500 லிட்டர். அதாவது குழாயைத் திறந்து நாம் செலவழிப்பதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்குத் தண்ணீர் அரிசி மூட்டையாகவே வீட்டுக்குள் வருகிறது. அது பெய்ததும் பாய்ந்ததும் தஞ்சாவூர் பக்கமோ நெல்லூர் பக்கமோ. அங்கே மோட்டார் ஓடியது, உரம் போட்டது, லாரி டீசல் போட்டு வந்தது எல்லாம் இன்னும் கணக்கில் சேரவில்லை.

நகரத்தின் எல்லைக்குள் மீட்டர் வைத்து அளந்தால் இதில் எதுவும் தெரியாது. எல்லையைத் தாண்டிப் போய் எண்ணுவதுதான் இந்த ஆய்வின் வேலை.

இது வெளிநாட்டில் கிளம்பிய யோசனையா?

இதற்கு 'நெக்சஸ்' (பிணைப்பு) என்று பெயர் வைத்தது அங்கே. 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் இந்த மூன்றையும் இணைத்துப் பேசுவது உலக அளவில் வழக்கமானது. ஐஐடி மெட்ராஸில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன அனு ராமசாமி 2017ல் தன் குழுவோடு டெல்லிக்கு இப்படி ஒரு கணக்கைப் போட்டார். டெல்லிக்குள் நடக்கும் செலவு எவ்வளவு, அதற்காக வெளி மாநிலங்களில் நடக்கும் செலவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் முறை அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஜோர்டானின் அம்மானிலும் நம் புனேயிலும் 'ஃப்யூஸ்' என்ற பெயரில் இதே வேலையைச் செய்தது. புனேயில் மேலே இருக்கும் அணைத் தண்ணீரை நகரம் எடுத்துக்கொள்வதால் கீழ்ப் பாசனத்துக்கு என்ன ஆகிறது என்பது முக்கியமான கேள்வி.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே நம் ஊரில் வேலை நடந்திருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ஜனகராஜன் நகரை ஒட்டிய கிராமங்களில் தண்ணீருக்காக நடக்கும் மோதல்களை எழுதினார். அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையில் எல். இளங்கோவும் அவர் மாணவர்களும் ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் கடல்நீர் நிலத்தடியில் ஏறுவதை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஐஐடி மெட்ராஸில் 2010ல் தொடங்கிய இந்திய-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் தண்ணீர், கழிவு, எரிசக்தி, நிலப் பயன்பாடு நாலையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது.

சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் நிரம்பினால் சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, சுமார் 2,830 கோடி லிட்டர்). 2020லிருந்து கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகையில் இன்னொரு அரை டிஎம்சி. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்திலிருந்து ஆண்டுக்கு 12 டிஎம்சி கிருஷ்ணா தண்ணீர் வர வேண்டும், முழுசாக வருவதில்லை. அப்புறம் வீராணம், கடல்நீர் ஆலைகள், நிலத்தடி நீர். சமீப ஆண்டுகளில் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் நாளொன்றுக்குக் கொடுப்பது சுமார் 100 கோடி லிட்டர். ஏரிகள் முழுக்க நிரம்பியிருந்தாலும் ஆவியாவதைக் கழிக்காமலே பத்து மாதம்தான் தாங்கும். ஒரு வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அடுத்த கோடையில் நிலைமை என்ன ஆகும் என்று 2019ல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்கள். ஊரின் ஒரு நாள் தேவையில் அது அரை சதவீதம்கூட வராது.

வீராணம் தண்ணீரில் என்ன பிரச்சினை? ஏரி நிரம்பித்தானே இருக்கிறது?

2004லிருந்து சுமார் 230 கிலோமீட்டர் குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை அங்கிருந்து சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? மேட்டூரில் திறந்து, கொள்ளிடத்தில் கீழணையில் தடுத்து, வடவாற்றில் விட்டு வரும் காவிரித் தண்ணீர். அந்த ஏரியை நம்பி காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் சுமார் 45,000 ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. நல்ல வருஷத்தில் இருவருக்கும் கிடைக்கும். மழை பொய்த்த வருஷத்தில் நகரத்தின் குடிநீருக்கு முன்னுரிமை என்பது கொள்கை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடவை விட்டுக்கொடுத்த விவசாயிக்கு நகரம் என்ன கொடுக்கிறது என்ற கேள்விக்கு எந்தத் துறையின் கணக்குப் புத்தகத்திலும் ஒரு பத்திகூட இல்லை. இந்த வகை ஆய்வுகள் அந்தப் பத்தியை எழுத வைக்கின்றன, எனக்கு இந்தத் துறை முக்கியமாகப் படுவது அதனால்தான்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பை எடுத்துவிட்டுக் குடித்தால் முடிந்தது. இதில் ஆராய்ச்சி எதற்கு?

குடிக்கலாம், குடித்துக்கொண்டும் இருக்கிறோம். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010லிருந்து 10 கோடி லிட்டர் ஆலை, நெம்மேலியில் 2013ல் இன்னொரு 10 கோடி, 2024ல் மேலும் 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். ஏரி காய்ந்தாலும் கடல் காயாது, அந்தத் தைரியத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

விலை கரண்டில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சவ்வு வழியாகத் தள்ள ஐம்பது அறுபது மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். 10 கோடி லிட்டர் ஆலை முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு சுமார் மூன்றரை லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் கட்டும் வீடு நாளொன்றுக்கு எடுப்பது மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஒரு லட்சம் வீட்டுக் கரண்ட் ஒரு ஆலைக்குப் போகிறது. பேரூர் வந்தால் அது மட்டும் நாலு லட்சம் வீடு.

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிலக்கரியிலிருந்து என்றால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம், நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கசிந்து கொசஸ்தலையிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பல வருஷக் கதை. அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பவர்களின் காலுக்கு அடியில் சேற்றுக்குப் பதில் சாம்பல். ஒரு பக்கம் கரண்டைச் செலவழித்துத் தண்ணீர் செய்கிறோம், அந்தக் கரண்டுக்காக இன்னொரு பக்கம் மீனையும் இறாலையும் இழக்கிறோம். மூன்றும் ஒரே இடத்தில் எப்படி முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன என்று பார்க்க எண்ணூருக்கு மிஞ்சிய இடம் கிடையாது.

இன்னொன்று, கடலிலிருந்து எடுப்பதில் பாதிக்கு மேல் கிட்டத்தட்ட இரு மடங்கு உப்போடு திரும்பக் கடலுக்கே போகிறது. நெம்மேலி ஆலை இருக்கும் சூளேரிக்காட்டுக்குப்பத்தில் மீனவர்கள் கரை அரிப்பையும் இதையும் சொல்லித்தான் போராடினார்கள்.

அப்படியானால் கடல்நீர் ஆலையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டியதை முதல் ஆயுதமாக எடுக்கிறோம் என்கிறேன்.

முதலில் எதை எடுக்க வேண்டும்?

கழிவுநீரை. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

காரணம் எளிமையானது. வீட்டுக் கழிவுநீரில் உப்பு லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிராம்தான். உப்பு குறைந்தால் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கரண்ட் குறைவு. சாதாரணச் சுத்திகரிப்பும் சவ்வு வழியாக வடிக்கும் ஆர்.ஓ.வும் சேர்த்துக்கூட கடல்நீருக்கு ஆவதில் பாதியைத் தாண்டாது. அதோடு கழிவுநீர் மழையைப் பார்த்துக் கொண்டிருக்காது, ஊரில் ஆள் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். சென்னைச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றில் கசடிலிருந்து எரிவாயு எடுத்து அதிலேயே எஞ்சின் ஓட்டிக் கரண்ட் எடுக்கிறார்கள், ஆகவே அந்த நிலையத்தின் மின்கட்டணத்தில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடுகிறது.

சென்னை இதில் நாட்டுக்கே முன்னோடி என்பதை ஊர்க்காரர்களே மறந்துவிட்டோம். மணலியில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலிருந்தே மெட்ரோ வாட்டரிடம் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்துகின்றன. 2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் ஆர்.ஓ. ஆலைகள் வந்தன. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. ஒரு தொழிற்சாலை அதை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் ஏரித் தண்ணீர் குடிப்பதற்கு மிஞ்சுகிறது.

சின்ன அளவிலும் முடியும். கதீட்ரல் சாலையில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட்டில், பார்வையும் செவித்திறனும் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி அது, ஐஐடி மெட்ராஸும் சில கட்டடக் கலைஞர்களும் அமைப்புகளும் சேர்ந்து 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற திட்டத்தின் முன்னோட்டமாகச் செடி வளர்ந்த வடிகட்டிப் படுகை அமைத்தார்கள். கழிவுநீர் தொட்டியில் தெளிந்து, ஜல்லியும் மணலும் வேரும் உள்ள படுகையில் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. கழிவுநீருக்குள் காற்றை ஊதும் பெரிய ஊதுகாற்று மோட்டார் வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு.

அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

பாய்ச்சுவதற்கு நம் பக்கத்திலேயே பெரிய பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை பம்ப் செய்து கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018ல் தொடங்கியது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் புழுதி பறந்த மாவட்டம் அது. இந்திய அறிவியல் கழகத்தினர் அங்கே நிலத்தடி நீர்மட்டம் ஏறியதை அளந்து காட்டினார்கள். காய்ந்த போர்களில் தண்ணீர் வந்தது, மறுபடி பயிர் வந்தது.

ஆனால் அது நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைக் குறைக்கும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிற்கிற தண்ணீர். நகரச் சாக்கடையில் வீட்டுக் கழிவு மட்டும் வருவதில்லை, பட்டறைக் கழிவும் வருகிறது. அதில் இருக்கும் உலோகங்களும் மருந்துச் சத்துகளும் மெல்ல நிலத்தடிக்குப் போகுமே என்று உள்ளூர்க்காரர்கள் எழுப்பிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தண்ணீர் மட்டம் ஏறுவதை மூன்று வருஷத்தில் காட்டிவிடலாம், மண்ணில் என்ன சேர்கிறது என்பதைக் காட்ட முப்பது வருஷம் மாதிரி எடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும் ஆய்வுத் திட்டங்களால் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, இதை ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள்தான் உணர வேண்டும்.

எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். அதுவும் இந்த ஆய்வில் வருமா?

அதுதான் நடுநாயகம். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு ஆரணி–கொசஸ்தலைப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று நிலத்தடி நீர் வயல்களைக் கண்டுபிடித்தார்கள். இறைத்தார்கள், இறைத்தார்கள், மீஞ்சூர் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது. நன்னீரின் அழுத்தம் குறைந்ததும் உப்புநீர் மணல் வழியாகக் கிலோமீட்டர் கணக்கில் நிலத்துக்குள் ஏறியது, கரையோர விவசாயிகள் கிணறுகளைக் கைவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தினர் ஆரணி ஆற்றில் பாலேஸ்வரம் தடுப்பணை போன்ற இடங்களில், ஆற்றில் நாலு மாதம் தண்ணீரை நிறுத்தினால் சுற்றியுள்ள கிணறுகளில் மட்டமும் சுவையும் எப்படி மாறுகின்றன என்று அளந்ததற்குப் பின்னணி இதுதான்.

பிறகு மெட்ரோ வாட்டர் விவசாயக் கிணறுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது. தனியார் லாரிகளும் வந்தன. ஒரு விவசாயியின் நிலையிலிருந்து யோசியுங்கள். நெல்லுக்குப் பாய்ச்சினால் மூன்றரை மாதம் காத்திருக்க வேண்டும், பூச்சி, விலை எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும். லாரிக்குக் கொடுத்தால் அன்றைக்கே கையில் காசு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990லிருந்து இலவசம் என்பதால் இறைக்கும் செலவு அவர் கண்ணுக்கே தெரியாது. அவர் தண்ணீரை விற்பதில் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்துகொண்டிருந்த பெண்களுக்கு விற்க எதுவும் கிடையாது. பக்கத்து நிலத்தில் ஆழம் குறைந்த கிணறு வைத்திருப்பவருக்கும் ஒன்றும் கிடையாது, அவர் தண்ணீரும் சேர்ந்துதான் லாரியில் போகிறது. கடைசியில் நகரத்தில் ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் மாநில மின்வாரியத்தின் மானியம், விளையாமல் போன ஒரு போகம், கூலி இழந்த ஒரு தெரு மூன்றும் இருக்கின்றன. லாரிக்காரர் கேட்கும் விலையில் டீசலும் டிரைவர் சம்பளமும்தான் இருக்கும்.

சென்னையைப் பற்றி ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வு செய்தார்களாமே, அது என்ன சொன்னது?

வீணா ஸ்ரீனிவாசன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது, கட்டுரைகள் 2010ல் வந்தன. ஏரி, குழாய், வீட்டுக் கிணறு, போர், லாரி, வீடு வீடாக மக்கள் எடுக்கும் முடிவு எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரியில் போட்டு, 2003–04 வறட்சியை அதில் ஓட்டிப் பார்த்தார். தெரிந்தது என்னவென்றால், மெட்ரோ வாட்டர் குறைந்ததும் மக்கள் நேராக லாரிக்குப் போகவில்லை, முதலில் சொந்தக் கிணற்றுக்குப் போனார்கள், கிணறு வற்றிய பிறகுதான் லாரி. அதாவது சென்னையைத் தாங்கிப் பிடித்தது யார் பெயரிலும் இல்லாத நிலத்தடி நீர்.

பிறகு மூன்று வழிகளை ஒப்பிட்டார்: கடல்நீர் ஆலை, குழாய்க் கசிவை அடைத்துக் கட்டணத்தைச் சரிசெய்வது, மழைநீர் சேகரிப்பு. எதுவும் தனியாகப் போதவில்லை. மழைநீர் சேகரிப்பையும் கசிவு–கட்டணச் சீர்திருத்தத்தையும் சேர்த்துச் செய்வதுதான் பணம், நம்பகம், எல்லோருக்கும் கிடைப்பது என்று எல்லாக் கோணத்திலும் நன்றாக வந்தது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், மற்றதுக்கு வீட்டுக் கிணறு என்று இரண்டு தரமாகப் பார்க்கலாம் என்பதும் அதில் ஒரு யோசனை. வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கட்டிக்கொண்டிருப்பது கடல்நீர் ஆலை. கசிவை அடைப்பதற்கு அடிக்கல் நாட்டு விழா வைக்க முடியாது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயம் ஆகிவிட்டதே?

ஆனது, நல்ல பலனும் கொடுத்தது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் சென்னையின் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,30,000 லிட்டர், அதில் ஒரு லட்சம் லிட்டரையாவது பிடிக்கலாம். அந்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டுகிறது, எனவே பிடிக்கக் கிடைக்கும் நாள்கள் குறைவு.

எங்கே விழுந்தார்கள் என்றால், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் குழி என்று போட்டதில். பெசன்ட் நகர், அடையாறு பக்கம் மணல், சும்மா விட்டாலே இறங்கும். விருகம்பாக்கம், அரும்பாக்கம் பக்கம் களி, மூன்றடிக் குழியில் தண்ணீர் நின்று கொசுதான் வளரும், களியைத் துளைத்துக் கீழே மணல்வரை போக வேண்டும். கிண்டி, வேளச்சேரியில் பாறை. மந்தைவெளியில் 'மழை இல்லம்' என்ற மழைநீர் சேகரிப்பு மையத்தை நடத்திய சேகர் ராகவன் இதைத்தான் வருஷக்கணக்காகத் தெருத் தெருவாகச் சொன்னார்: மண்ணைப் பார், அப்புறம் குழியைத் தோண்டு.

கோயம்பேடு காய்கறிக் கழிவிலிருந்து கரண்ட் எடுப்பதாகச் சொன்னார்களே, அது என்ன ஆனது?

1996ல் கோயம்பேடு சந்தை வந்தது. 2000களின் நடுவில் நாளொன்றுக்கு 30 டன் கழிவைச் சாண எரிவாயு முறையில் செரிக்க வைத்துக் கரண்ட் எடுக்கும் ஆலை அங்கே அமைந்தது, மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொழில்நுட்ப உதவி செய்தது. சந்தையில் சேரும் கழிவு அதைப் போலப் பல மடங்கு. ஆலை தொடர்ந்து முழுசாக ஓடவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள விடிகாலையில் சந்தைக்குப் போனால் போதும். லாரி இறக்கி முடித்ததும் தரையில் கிடப்பது வெறும் காய்கறி இல்லை. முட்டைக்கோசின் வெளி இலை, காலிஃபிளவர்த் தண்டு, அழுகின தக்காளி, அதோடு வைக்கோல், வாழைச் சருகு, கோணிச் சணல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் வலைப்பை. கயிறும் வாழை நாரும் அரைக்கும் இயந்திரத்தின் தண்டில் சுற்றி அதை நிறுத்திவிடும். உள்ளே போன பிறகும் தொல்லை உண்டு. காய்கறி வேகமாகப் புளிக்கும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அவசரக்காரர்கள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நிதானமானவர்கள். ஒரேயடியாகத் தக்காளியைக் கொட்டினால் தொட்டி புளித்து, வாயு நின்றுவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெய் நேராகவே அவற்றுக்கு விஷம்.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு மருந்து தெரியும்: காய்கறியோடு சாணமோ கழிவுநீர்க் கசடோ கலந்து போடுவது, அமிலக் கட்டத்தையும் மீத்தேன் கட்டத்தையும் இரண்டு தொட்டியாகப் பிரிப்பது. கசடு எங்கே இருக்கிறது? கோயம்பேட்டிலேயே மெட்ரோ வாட்டர் சுத்திகரிப்பு நிலையத்தில். சந்தைக் கழிவு ஒரு துறையிடமும் கசடு இன்னொரு துறையிடமும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் போட ஒரு கையெழுத்து வேண்டும், அது நடந்தால் மிஞ்சும் மக்கு உரம் காலியாகத் திரும்பும் காய்கறி லாரிகளிலேயே தோட்டத்துக்குப் போகலாம்.

குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கலாமே?

நம் குப்பையில் பாதி ஈரச் சாப்பாட்டுக் கழிவு. ஈரத்தைக் காய வைக்கவே பாதி நெருப்பு போய்விடும். பிரிக்காத குப்பையை எரித்தால் வரும் புகையையும் சாம்பலையும் யார் சுமப்பது என்பது அடுத்த கேள்வி. கொடுங்கையூரில் எரிஉலை வைக்கும் திட்டத்தை வடசென்னைக்காரர்கள் எதிர்ப்பதில் எனக்கு முழு உடன்பாடு, ஏற்கெனவே அனல்மின் நிலையமும் குப்பை மேடும் அவர்கள் பக்கம்தான்.

எல்லோரும் மாடித்தோட்டம் போட்டால் நகரம் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்ளுமா?

அரிசி, பருப்பு, எண்ணெய் கண்டிப்பாக முடியாது. கீரை, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், கொஞ்சம் தக்காளி முடியும். தோட்டக்கலைத் துறை 2013–14லிருந்து மானிய விலையில் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதையும் கொடுத்ததில் பலர் ஆரம்பித்தார்கள். கீரை கிள்ளிய அரை மணியில் சட்டியில் விழுவதற்கு ஈடு இல்லை, மாடிச் சூடும் குறையும்.

ஆனால் ஏப்ரல், மே வெயிலில் பைச்செடிக்கு இரண்டு வேளை தண்ணீர். லாரித் தண்ணீரை மோட்டார் போட்டு மேலே ஏற்றி அதை ஊற்றினால் கணக்கு கிராமத்துக்கே நஷ்டமாக முடியும். அரிசி களைந்தது, காய் கழுவியது, சோப்பு குறைவான குளியல் தண்ணீர், ஆர்.ஓ. கருவியில் வெளியேறுவதில் உப்பு அதிகம் இல்லாததென்றால் அது, இப்படி வந்தால்தான் மாடித்தோட்டம் லாபம். நகரத்தின் உணவைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுபவர்கள் மாடியோடு நிற்காமல் செங்குன்றம், சோழவரம், திருவள்ளூர் பக்கம் மிச்சமிருக்கும் வயலும் ஏரியும் மனை ஆகாமல் நிற்பதற்கும் குரல் கொடுக்க வேண்டும், கனம் அங்கேதான்.

இத்தனை ஆய்வு இருந்தும் ஏன் எதுவும் மாறவில்லை?

கொஞ்சம் மாறியிருக்கிறது, கழிவுநீர் ஆர்.ஓ. ஆலைகள் அதற்குச் சாட்சி. மாறாததற்கு நான் பார்க்கும் காரணங்களில் பெரியது, முடிவுகள் இங்கிலீஷ் இதழ்களில் பணம் கட்டிப் படிக்கும் இடத்தில் கிடப்பது. கிணற்றில் மாதிரி எடுக்க விட்டவருக்கே அவர் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருந்தது என்று யாரும் திரும்பப் போய்ச் சொல்வதில்லை. ஒரு பக்கம் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதை முனைவர் பட்டத்துக்கு ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். கிராம சபையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து பேசினால், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை அதிகாரிகளுக்கு வரும்.

நான் மாணவர் இல்லை, அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர். எங்களால் ஏதாவது உதவ முடியுமா?

ரொம்ப. ஆய்வாளர்களுக்குக் கிடைக்காமல் தவிப்பது தொடர்ச்சியான, எளிய அளவுகள். உங்களிடம் காமன் இ.பி. பில் இருக்கிறது, லாரி பில் இருக்கிறது, மெட்ரோ வாட்டர் ரசீது இருக்கிறது. மூன்றையும் மாதவாரியாக ஒரே நோட்டில் ஏற்றுங்கள். எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால் எத்தனை மணி நேரம் ஊதுகாற்று மோட்டார் ஓடுகிறது, மிஞ்சும் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். திறந்த கிணறு இருந்தால் மாதம் ஒருமுறை, அதிகாலையில் மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் எடை கட்டி இறக்கி நீர்மட்ட ஆழத்தை அளந்து தேதியோடு குறியுங்கள். எப்போதும் சுவரில் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவு வானிலைத் துறையிலிருந்து கிடைக்கும், அதைப் பக்கத்துப் பத்தியில் எழுதினால் ஒரு வருஷத்தில் உங்கள் குழி வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கல்லூரியிலிருந்து யாராவது வந்து கேட்டால் நோட்டை நகல் எடுத்துக் கொடுங்கள், முடிவு வந்ததும் எங்களுக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.